ஆர்மராட் குடும்பக் குழி

ஜூன் 4, ஞாயிறு

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்சம்மா இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எப்போது வலி, எவ்வளவு கஞ்சி உள்ளே போனது, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டுமாம். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைக் கணக்கு நோட்டு எழுத வைத்தவனுக்கு அறுபத்து மூன்று வயதில் வீட்டுப்பாடம்.

காலை 6: மார்ஃபின். 8: அரை டம்ளர் கஞ்சி, பாதி வெளியே வந்துவிட்டது. 10: மார்ஃபின். மதியம் வலி இல்லை என்றாள். பொய்.

ரோஸ்லினுக்கு ஈரலில் புற்று. கோயம்புத்தூரில் கைவிரித்து அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. "வீட்டில் வைத்து நல்லாப் பார்த்துக்கங்க" என்றார் டாக்டர். இத்தனை நாள் தெருவிலா வைத்திருந்தேன்?

இந்த மேல்கொம்பை மழையில் துணி காய்வதில்லை. அவளுடைய நைட்டிகளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைக்கிறேன். ஒன்றைக் கருக்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே, "வாசம் வருதுங்க" என்றாள்.

ஜூன் 6, செவ்வாய்

இன்று வாய்விட்டுக் கேட்டாள். போர்வையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, என்னை மெர்லின் மேலயே வெச்சிருங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"பின்ன எப்பப் பேசறது? போனதுக்கு அப்புறமா?"

மெர்லின் எங்கள் ஒரே பிள்ளை. பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல். 1998. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

ஊரில் கல்லறைத் தோட்டம் இரண்டு. ஒன்று எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருப்பது, துரைமார் காலத்தது. சைப்ரஸ் மரமும் இரும்பு கேட்டும் உண்டு. இடம் நிறைந்து ஐம்பது வருடமாகிறது. ஏற்கெனவே குடும்பக் குழி வைத்திருப்பவர்களுக்கு மட்டும், கடைசி அடக்கம் முடிந்து பதினாலு வருடம் கழிந்தால், அதே குழியைத் திறப்பார்கள். பழைய எலும்பைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டுப் புதுப் பெட்டியை இறக்குவார்கள். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே முனிசிபாலிட்டி புதைகாடு. குப்பைக் கிடங்குக்கு அடுத்த வேலி.

எங்களுக்குக் குழி இருக்கிறது. தாமஸ் ஆர்மராட், காப்பித் தோட்டக்காரர், 1897. என் தாத்தா ஜார்ஜ் ஆர்மராட், 1958. என் அப்பா சாமுவேல் ஆர்மராட், 1979. அப்புறம் மெர்லின். நான் எட்வின் ஆர்மராட். அவள் என் மனைவி. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரே ஒரு காகிதம் வேண்டும். குழியைத் திறக்க வேண்டுமானால் வம்சாவளிச் சான்று தர வேண்டும் என்று 2019-இல் கோயில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. நல்ல தீர்மானம்தான்.

இரவு 10 மார்ஃபின் கொடுத்தேன்.

ஜூன் 9, வெள்ளி

அந்தக் காகிதம் எங்கிருந்து வரப்போகிறது என்பதை எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்தில் பர்ன்லி என்ற ஊரில் ஹெலன் ஆர்மராட் என்று ஓர் அம்மாள். லைப்ரரியனாக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் ஆர்மராட் என்று குடும்பப் பெயருள்ள ஒருவரையும் விடாமல் தேடிப் பட்டியல் போடுவதுதான் இப்போது அவருக்கு வேலை. போன வருடம் பேஸ்புக்கில் என்னைப் பிடித்தார். பெயர் வந்த கதையை அவர்தான் சொன்னார். லங்காஷயரில், பர்ன்லிக்குப் பக்கத்திலேயே, ஆர்மராட் என்று ஓர் இடம். ஓர்ம் என்று ஒருவன் காட்டை வெட்டித் திருத்திய இடம் என்று பொருள். ஓர்ம் என்பது கடல் கடந்து வடக்கிலிருந்து வந்தவர்களின் பெயர். அவர்கள் பழைய பாஷையில் பாம்பு. ஆக நாங்கள் பாம்பன் திருத்திய காட்டுக்காரர்கள். எழுநூறு, எண்ணூறு வருடத்துப் பெயர்.

ஒரு வரைபடமும் அனுப்பினார். இன்றைக்கு ஆர்மராட்டுகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று சிவப்புப் புள்ளி வைத்தது. லங்காஷயரில் மை கொட்டியதுபோல அப்பிக் கிடக்கிறது. பக்கத்து யார்க்ஷயரில் கொஞ்சம். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து என்று தூவிவிட்டாற்போலச் சில. இந்தியாவில் ஒரே புள்ளி. நான்.

அதைப் பிரிண்ட் எடுத்துப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். ஏன் மறைக்க வேண்டும்? நிறம் அடுப்புக்கரி, பேசுவது தமிழ், தின்பது ரசம் சாதம். ஆனால் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவன் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காருவான். பாங்கில், ஆஸ்பத்திரியில், எங்கும். ஊரில் எனக்குத் "துரை வாத்தியார்" என்றே பெயர். அந்த ஒரு நிமிர்வுக்காக மனிதன் எதையும் செய்வான்.

தாமஸ் துரை கல்யாணம் செய்துகொள்ளவில்லையே, பிள்ளை எப்படி என்று ஹெலன் அம்மாள் கேட்டார். கல்யாணம் செய்துகொள்ளாத துரைமார் எத்தனை பேருக்கு இந்த மலையில் பிள்ளை இருந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து அனுப்பக் குச்சி அனுப்பினார். தந்தைவழி ரத்தம் எந்தக் கிளையில் சேருகிறது என்று சொல்லுமாம். ஏப்ரலில் அனுப்பிவிட்டேன். அப்போது ரோஸ்லினுக்கு வெறும் வாயுத்தொல்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

ஜூன் 10, சனி

மஞ்சள் காமாலை கண்ணில் ஏறிவிட்டது. கேஸ் தீர்ந்தது. மழை.

ஜூன் 13, செவ்வாய்

கமிட்டிச் செயலாளர் தயானந்தனைப் பார்த்தேன். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். கணக்கில் முப்பத்து நாலு எடுத்தான். ஒரு மார்க் போட்டுப் பாஸ் பண்ணியிருக்கலாம். நான் போடவில்லை.

மரியாதையாகத்தான் பேசினான். "அம்மாவுக்கு எப்படி இருக்கு சார்? ஜெபத்துல வெச்சிருக்கோம். ஒண்ணுமில்ல, அந்தச் சான்று மட்டும் குடுத்துட்டீங்கன்னா ரெடி பண்ணிடலாம்."

"இங்கிலாந்திலிருந்தே வருகிறது, போதுமா? உன் ஈமெயிலைக் கொடு. நேராக உனக்கே எழுதச் சொல்கிறேன். என் கையால் கொடுத்தால் வாத்தியாரே எழுதிக்கொண்டார் என்று யாரேனும் சொல்லக்கூடாது பார்."

"எதுக்கு சார் அதெல்லாம், நீங்களே..."

"இல்லை, உனக்கே வரட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.

மேலே உள்ள வரியைப் பிற்பாடு சேர்த்தேன். 17-ஆம் தேதி.

ஜூன் 17, சனி

ஹெலன் அம்மாளின் கடிதம் வந்தது. அடுப்பில் கஞ்சி இருந்தது, அடிப்பிடித்துப் புகைந்துவிட்டது.

என் தந்தைவழி எந்த ஆர்மராட் கிளையுடனும் சேரவில்லை. சேராதது மட்டுமில்லை, அது ஐரோப்பாவைச் சேர்ந்ததே அல்ல. இந்தத் தென்னாட்டுக்கே உரியது. வருந்துவதாக எழுதியிருக்கிறார். பெயர் என்பது ரத்தம் மட்டுமில்லை, என்னைப் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறார். நல்ல மனுஷி. நான் கேட்டுக்கொண்டபடியே செயலாளருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார்.

கடைசியில் ஒரு கேள்வி. தாமஸ் துரை தன் அக்காளுக்கு எழுதிய பழைய கடிதங்களில், குதிரை லாயத்தில் வேலை பார்த்த சடையன் என்ற பையன் அடிக்கடி வருகிறானாம். எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கிறார்.

அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

6, 10, 2, 6, 10. கோயிலுக்குப் போகவில்லை.

ஜூன் 19, திங்கள்

தயானந்தன் வீட்டுக்கே வந்தான். ரோஸ்லின் காதில் விழக்கூடாதென்று அவனை வாசலுக்கு வெளியே, குடைக்குக் கீழேயே நிறுத்திப் பேசினேன்.

"என்னால ஒண்ணும் பண்ண முடியலை சார். மெயில் கமிட்டிக்கு வந்தாச்சு. எல்லாரும் படிச்சுட்டாங்க."

"அவளுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை, தயா. அவள் பிள்ளை அங்கே கிடக்கிறது. இருபத்தைந்து வருடமாக ஞாயிறுதோறும் போய்ப் பூ வைக்கிறாள். உனக்கே தெரியும்."

"தெரியும் சார். ஆனா தீர்மானம் இருக்கே."

"தீர்மானம் மனிதன் போட்டதுதானே!"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்க போட்டதுதான் சார்."

சரி, எழுதிவிடுகிறேன். இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து யாருக்கு என்ன லாபம்? 2019-இல் குழிவெட்டி ராசப்பனின் அம்மா இறந்துபோனாள். மூன்று தலைமுறையாகக் குழி வெட்டும் குடும்பம், மதிலோரம் ஒரு மூலை கொடுங்கள் என்று ராசப்பன் வந்து நின்றான். கமிட்டியில் பாதிப்பேர் தலையாட்டிவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். இன்று மூலை, நாளை நடு இடம், கண்டவர்களையும் படுக்கவைக்க இதென்ன சத்திரமா என்று கேட்டேன். அன்று மாலையே தீர்மானத்தை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். "வம்சாவளி" என்ற சொல்லும் நான் போட்டதுதான். ராசப்பன் அம்மாவைக் குப்பைமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் பெண்டாட்டி தலையில் போட்டிருக்கிறேன்.

ஜூன் 21, புதன்

அவளிடம் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். "எல்லாம் ஏற்பாடாகிவிட்டது" என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போவாள், அப்புறம் எங்கே புதைத்தாலும் அவளுக்குத் தெரியவா போகிறது. கல்யாணமான முப்பத்தெட்டு வருடமும் ஒரு பொய்யைக் கட்டிக் காத்தவனுக்கு இது பெரிய வேலையா? சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டிருந்தேன், இல்லாவிட்டால் அந்தக் குச்சியை அனுப்பியிருப்பேனா?

முடியவில்லை. கால் வீங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னேன். ரத்தம் சேரவில்லை, இடம் கொடுக்க மாட்டார்கள், தீர்மானம் நான் போட்டது. எல்லாம் சொன்னேன். என் தாத்தா துரைக்குப் பிறந்தவரில்லை, லாயத்தில் வேலை பார்த்தவர் என்றும் சொன்னேன்.

"சடையன் தாத்தாவா?" என்றாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை சொன்னாங்க. நிச்சயம் பண்ண வந்தீங்கள்ல, அன்னிக்கே. அடுப்படில வெச்சு. துரை செத்து எட்டு வருசம் கழிச்சு ஞானஸ்நானம் வாங்கறப்ப அந்தப் பேரைக் குடுத்தாராம். செத்தவரு வந்து கேக்கவா போறாருன்னு. பேரு இருந்தாத்தான் பொறக்கற பையனைத் துரைமாரு பள்ளிக்கூடத்துல சேப்பாங்கன்னு ரோசனை. கெட்டிக்காரரு."

"தெரிந்துமா என்னைக் கட்டிக்கொண்டாய்?"

"நான் என்ன பேரையா கட்டிக்கிட்டேன்? உங்களுக்கு மட்டும் தெரியாதுன்னு நீங்க நடிச்சீங்க. சரி, அதுல ஒரு சந்தோசம், போகட்டும்னு நானும் விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. மூச்சு வாங்கியது. 

"என்னை அங்க விடமாட்டாங்கன்னா போகுது. அவளை இங்க கூட்டிட்டு வாங்க."

"யாரை?"

"மெர்லினை. நான் அவகிட்டப் போக முடியலைன்னா அவ எங்கிட்ட வரட்டும். குப்பைமேடா இருந்தா என்ன? அம்மாகூடத் தானே இருக்கப் போறா."

ஜூன் 23, வெள்ளி

தயானந்தனிடம் போனேன். புதைக்கத்தான் அனுமதி இல்லை, எடுக்க உண்டா என்று கேட்டேன். கமிட்டிக்காரர்களுக்கு ஃபோன் போட்டுவிட்டு வந்தான். எடுத்துக்கொள்ளலாம். முனிசிபாலிட்டி சுகாதார ஆபீசில் ஒரு தாள் வாங்க வேண்டும். தாத்தாவும் அப்பாவும் கிடக்கிறபடி கிடக்கட்டும், பழைய ஆட்கள். ஆனால் நான் ஒரு கடிதம் தர வேண்டும். ஆர்மராட் குடும்பத்துக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, அந்தக் குழியின் மேல் எனக்கும் என் வாரிசுகளுக்கும் எந்த உரிமையும் இல்லை என்று.

வாரிசு! யார் வாரிசு? அந்தப் பிள்ளையைத்தானே எடுக்கப் போகிறேன்.

எழுதினேன். என் தீர்மானத்தை எழுதிய அதே மேஜை. கையெழுத்துப் போடும் இடத்தில் எட்வினுக்கு அடுத்துப் பேனா பழக்கத்தில் 'ஆ' என்று ஆரம்பித்துவிட்டது. தயானந்தன் மெதுவாக, "சார், அந்தப் பேர்ல போட்டா செல்லாதே" என்றான். வேறு தாள் எடுத்துக் கொடுத்தான். மறுபடி முழுக்க எழுதி, சா. எட்வின் என்று போட்டேன். அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் என் பெயர். நாட்டில் எல்லோரும் போடுவதைப் போல. கை பழகவில்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துமாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து ராசப்பனுக்கு ஃபோன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.   "காலைல ஏழு மணிக்கு வாங்க சார். மழை வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்" என்றான்.

ஜூன் 24, சனி

நர்சம்மாவை ரோஸ்லினிடம் உட்காரவைத்துவிட்டுப் போனேன். புதுக் கோடித் துணியும், மெர்லின் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்த தகரப் பெட்டியும் கொண்டு போனேன்.

ராசப்பன் கல்லை நெம்பி எடுத்தான். முதலில் மண்வெட்டியால் வெட்டினான். மார்பளவு ஆழம் போனதும் மண்வெட்டியை மேலே கொடுத்துவிட்டுக் கையால் தோண்டினான். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க சார்" என்றான். நான் திரும்பவில்லை. பலகை மக்கிக் கறுப்பாகியிருந்தது. எலும்புகள் தேநீர் நிறத்தில் இருந்தன. தொடை எலும்பு என் முழங்கை நீளம்கூட இல்லை. அவன் ஒவ்வொன்றாகத் துடைத்து என் கையில் கொடுத்தான். நான் துணியில் வைத்தேன். பல்லெல்லாம் அப்படியே இருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அது என் பிள்ளை என்று எனக்கு உறைத்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் மேலே ஏறி வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"ராசப்பா, உன் அம்மாவுக்கு நான் செய்தது..."

"இப்ப அது எதுக்குங்க சார்? புள்ளையைப் புடிங்க."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

ஜூன் 26, திங்கள்

பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் வைத்திருக்கிறேன். நர்சம்மா முகத்தைச் சுளித்தார். ரோஸ்லின் கையை அதன் மூடிமேல் போட்டுக்கொண்டே தூங்குகிறாள். வலியில் முனகும்போதும் கையை எடுப்பதில்லை.

திறந்து காட்டச் சொன்னாள். நான் மறுத்தேன். "பெத்தவளுக்குக் காட்ட மாட்டீங்களா?" என்றாள். காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "எவ்வளவு சின்னதா இருக்கா" என்றாள். மூடிவிட்டேன்.

கஞ்சி இறங்கவில்லை. தண்ணீர் நான்கு ஸ்பூன்.

ஜூன் 28, புதன்

ஒருமுறை கண் விழித்து, ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, அவளை எழுப்புங்கள் என்றாள். எழுப்புகிறேன் என்றேன்.

ஜூலை 1, சனி

காலை 9.20. பத்து மணி மார்ஃபின் தேவைப்படவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து நிறையப் பேர் வந்தார்கள். தயானந்தனும் வந்தான். குப்பைக் கிடங்கில் புகை. மூக்கைப் பொத்திக்கொண்டே பாடினார்கள்.

மூடுவதற்கு முன்னால் மெர்லினைத் துணியோடு எடுத்து ரோஸ்லினின் வலது கைக்குள் வைத்தேன். ராசப்பன் அந்தக் கையை மடக்கி, நழுவாமல் ஒரு நாடாவால் கட்டினான். சரியாக இருந்தது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூலை 4, செவ்வாய்

மண் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ராசப்பன் இருந்தான். இவர்களுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் ஆறடியை இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும், யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"இங்க அப்படியெல்லாம் இல்லீங்க சார்" என்றான். "செத்த வரிசைல தான் குழி. யாரா இருந்தாலும் வந்த வரிசை. எங்கம்மாகிட்ட எடம் புடிக்கலாம்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

"இதே குழியைப் பின்னால் திறக்க முடியாதா?"

"முனிசிபாலிட்டி எடம். ஒரு தடவை மூடுனா மூடுனதுதான்."

பேசிக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தான். ரோஸ்லினுக்கு அடுத்த குழி, இரண்டடி தள்ளி. நேற்று மாலை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் இறந்துவிட்டாராம். ஃபிரான்சிஸ் என்று பெயர், டீக்கடை வைத்திருந்தவர். பதினொரு மணிக்குக் கொண்டு வருவார்கள் என்றான். அவர்கள் வரும்வரை அங்கேயே நின்றேன்.